பென்சிலுக்கு முன்னால் விரல்களுக்கு வேலை கொடுங்கள்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்த மறுவாரமே கையில் பென்சிலைக் கொடுத்து, புள்ளி வைத்த 'அ'வின் மேல் எழுது என்று உட்கார வைத்துவிட்டேன். இரண்டு வரி எழுதுவதற்குள் கையை உதறுவாள், "வலிக்குதும்மா" என்பாள், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்துவாள். எழுதப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். பிறகு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறமையைப் பழக்குகிற நிபுணர்) காட்டியபோது, அவர் பென்சிலை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு, அவளைத் தரையில் கைகளை ஊன்றி நடக்கச் சொன்னார், ஸ்பாஞ்சைப் பிழியச் சொன்னார், பழைய தாளைக் கிழிக்கச் சொன்னார். ஆறு மாதம் வீட்டில் இதைத்தான் செய்தோம். அப்புறம் ஒரு நாள் அவளாகவே கிரேயானை எடுத்து வந்து உட்கார்ந்தாள். அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதையும், பிறகு சின்னவனை வளர்க்கும்போது செய்து பார்த்ததையும், முதல் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நுண்தசைத் திறன் என்கிறார்களே, பயப்படும்படி ஒன்றும் இல்லை. கையாலும் விரலாலும் சின்னச் சின்ன வேலைகளைக் கண்ணின் துணையோடு செய்கிற திறமை, அவ்வளவுதான். பட்டன் போடுவது, பக்கம் புரட்டுவது, மூடி திருகுவது, கடைசியில் எழுதுவது. எழுதுவது கடைசி என்பதைக் கவனியுங்கள். ஒரு 'அ'வுக்குள் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, குறுக்குக் கோடு இருக்கிறது, நேர்க்கோடும் இருக்கிறது. மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள், நாம் போட்டுக் காட்டினால், ஒரு வட்டம் போடுவார்கள். கூட்டல் குறி போல இரண்டு கோட்டைக் குறுக்கே போடுவது நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. அப்படியிருக்க மூன்று வயதில் நான் கேட்டது எவ்வளவு பெரிய வேலை!

கைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசை கிடையாது. அந்தத் தசைகள் உள்ளங்கையிலும் முழங்கைக்குக் கீழேயும் இருந்துகொண்டு, கயிறு போன்ற தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. மணிக்கட்டில் இருக்கும் 8 சின்ன எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. முதல் சில மாதங்களில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு கெட்டிப்படவே குழந்தைக்கு ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஆகிவிடும். இன்னொன்று, கட்டுப்பாடு உடம்பின் நடுவிலிருந்து வெளியே போகிறது: முதலில் தோள், அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல் நுனி.

முதல் வேலை: குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். எப்படி எடுக்கிறது, எப்படி விடுகிறது, எந்த இடத்தில் கோபம் வருகிறது. பிறந்த குழந்தை நம் விரலை இறுக்கிப் பிடிப்பது தானாக நிகழ்வது, ஐந்தாறு மாதத்துக்குள் அது மறைந்து, வேண்டுமென்று எட்டிப் பிடிப்பது வந்துவிடும். அதற்கு அடுத்து ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றும், விரல்களை வாரியல் போல விரித்துச் சின்னப் பொருளைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு வயதை நெருங்கும்போது கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்கும். இந்தச் சமயத்தில்தான் எல்லாவற்றையும் கீழே போட்டுப் போட்டுப் பார்க்கும். அது குறும்பு என்று நினைத்துத் திட்டாதீர்கள். பிடித்ததை வேண்டும்போது விடுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, அதைத்தான் பழகுகிறது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் வெளியிட்ட பட்டியல் ஒன்று உண்டு, 2022இல் திருத்தியது. நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்கிற வயதைத்தான் அதில் போட்டிருக்கிறார்கள். அதன்படி 15 மாதத்தில் இரண்டு சின்னப் பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, 18 மாதத்தில் கிறுக்குவது, இரண்டரை வயதில் மூடியைத் திருகித் திறப்பதும் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதும், மூன்று வயதில் பெரிய மணிகளைக் கோர்ப்பது, நான்கு வயதில் பட்டனைக் கழற்றுவது, ஐந்து வயதில் பட்டனைப் போடுவது. கழற்றுவதற்கும் போடுவதற்கும் நடுவே ஒரு வருடம் இடைவெளி இருப்பதைப் பாருங்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரிகிறது, குழந்தையின் கைக்கு அப்படி இல்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துக்கொண்டு வயதைக் கணக்கிடுங்கள். இரண்டு வயது வரை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

தோளிலிருந்து தொடங்குங்கள்

விரல் வேலைக்கு ஏன் தரையில் உருள வேண்டும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. தோள் ஆடிக்கொண்டே இருந்தால் விரல் எப்படி நிதானமாக வேலை செய்யும்? ஆடுகிற ஏணியில் நின்றுகொண்டு ஆணி அடிக்க முடியாதல்லவா, அந்தக் கதைதான்.

கைக்குழந்தை என்றால் விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் படுக்க விடுங்கள். தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான், அதில் மாற்றமே கிடையாது. தவழ்கிற வயதில் சீக்கிரம் நடக்க வைக்க அவசரப்படாதீர்கள். தவழும்போது உள்ளங்கை உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது, உள்ளங்கையின் வளைவு வலுப்பட அது உதவுகிறது, பிற்பாடு பென்சிலைத் தாங்கப் போவதும் அந்த வளைவுதான். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு, நீங்கள் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள அது கைகளால் நடப்பது, கனமான பெட்டியைத் தள்ளுவது, ஏறுவது, கம்பியில் தொங்குவது எல்லாம் நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது சுவர் வேலை. தாளைச் சுவரில் குழந்தையின் கண் உயரத்துக்கு ஒட்டி, நின்றுகொண்டு வரையச் சொல்லுங்கள். அல்லது ஒரு குவளைத் தண்ணீரும் பெரிய பிரஷ்ஷும் கொடுத்து வெளிச்சுவருக்கு "பெயின்ட்" அடிக்கச் சொல்லுங்கள். செங்குத்தான பரப்பில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் வளைந்து நிற்கும். எழுதும்போது மணிக்கட்டு இருக்க வேண்டிய நிலை அதுவேதான். சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடுகிறது.

சின்னப் பொருளைக் கொடுப்பதற்கு முன்னால்

இதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குப் போகும். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நுழைகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குள் தனியாக விளையாடக் கொடுக்கக் கூடாதது. மூன்று வயதுக்கு மேலும் வாயில் வைக்கிற பழக்கம் இருந்தால் அதே விதிதான். பட்டன் பேட்டரி தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். சின்னக் காந்த உருண்டைகளும், தண்ணீரில் ஊறி உப்புகிற ஜெல் மணிகளும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். கோர்க்கும் கயிறு நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும், அதையும் குட்டையாக வெட்டிக் கொடுங்கள்.

ஒரு தாளில் வினைச்சொற்களை எழுதுங்கள்

என்ன விளையாட்டு கொடுப்பது என்று பட்டியல் தேடி அலுத்துப்போன ஒரு நாளில் எனக்குத் தோன்றிய வழி இது. விரல் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. கிள்ளு, கிழி, பிய், பிசை, பிழி, உருட்டு, திருகு, கசக்கு, மடி, சுருட்டு, கோர், பொறுக்கு, ஒட்டு, உரி, சொருகு, அவிழ். இதை அப்படியே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒரு நாளைக்கு நாலைந்து சொல் கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பேன். பொம்மை எதுவாக இருந்தாலும் சரி, சொல்தான் கணக்கு.

பிழி என்றால் இரண்டு கிண்ணமும் ஒரு ஸ்பாஞ்சும் போதும், ஒன்றில் இருக்கும் தண்ணீரை ஸ்பாஞ்சில் ஊற வைத்து மற்றதில் பிழிய வேண்டும், குளிக்கும்போது செய்தால் தரை துடைக்கிற வேலையும் இல்லை. செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டிலும் இதே இனம்தான், அழுத்தி விடும் ஒவ்வொரு முறையும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. கிழி, கசக்கு இரண்டுக்கும் பழைய தாள். கிழிக்கும்போது இரண்டு கைகளும் கட்டைவிரல் பக்கம் பக்கமாக வந்து எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கே இது முடியும், ஆனால் துண்டு வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கிழித்த துண்டுகளை ஒரே கைக்குள் கசக்கி உருண்டையாக்கச் சொல்லுங்கள், இன்னொரு கையின் உதவி இல்லாமல். பெரியவர்களுக்கே கொஞ்சம் கடினமான வேலை இது, முயன்று பாருங்கள்.

பிசை, உருட்டு, கிள்ளு மூன்றுக்கும் மாவோ களிமண்ணோ. முதலில் இளக்கமாகப் பிசைந்து கொடுத்து, வாரம் போகப் போகக் கெட்டியாக்குங்கள், எதிர்ப்பு கூடக்கூடத்தான் வலு கூடும். உள்ளங்கையால் பாம்பு, விரல் நுனியால் பட்டாணி அளவு உருண்டை. பாம்பைச் செய்துவிட்டு அதன் முதுகு நெடுகக் கிள்ளிக் கிள்ளி முள் வைக்கச் சொன்னால் என் மகன் அரைமணி நேரம் அசையமாட்டான்.

திருகுவதற்கு விதவிதமான அளவில் மூடி போட்ட காலி டப்பாக்கள். உள்ளே ஏதாவது ஒளித்து வைத்துக் கொடுங்கள், திறக்க ஒரு காரணம் வேண்டுமே. ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்: தாளிலிருந்து நீங்கள் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டு மீதியை அதனிடம் விடுங்கள். உரிப்பதற்கு மேசை மேல் செலோடேப் துண்டுகளை ஒட்டி வைத்தால் போதும், பொம்மை வண்டியை அதற்கு அடியில் மாட்டி வைத்து "காப்பாற்று" என்றால் இன்னும் ஆர்வம் வரும். துணி கிளிப்புகளை அட்டையின் ஓரத்தில் மாட்டுவது மூன்று வயதுக்கு மேல் நல்ல வேலை. கிளிப் இறுக்கமாக இருந்தால் குழந்தை முழுக் கையாலும் அமுக்கும், அது பயனில்லை. இலகுவான கிளிப்பாகத் தேடிக் கொடுங்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையை நெடுக்காக இரண்டு பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பக்கத்து மூன்று விரல்கள் வேலைக்காரர்கள், மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கி நின்று தாங்குகிறவர்கள். இந்தப் பிரிவு வராத குழந்தை ஐந்து விரலையும் ஒன்றாகவே அசைக்கும். மடங்கி நிற்க வேண்டிய இரண்டு விரல்களுக்கு ஒரு சின்னப் பஞ்சுருண்டையைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, மீதி மூன்று விரலால் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். நான்கு வயதுக்கு மேல் இது நன்றாக வேலை செய்கிறது.

வீட்டு வேலையைக் கொடுங்கள், நேரத்தையும் கொடுங்கள்

தனியாக "பயிற்சி நேரம்" என்று வைப்பதைவிட, அன்றாட வேலையில் குழந்தையின் கையை நுழைய விடுவது எவ்வளவோ மேல். சாக்ஸைக் கழற்றுவது, கைக்குட்டையை மடிப்பது, தன் தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடுவது, பையின் ஜிப்பை இழுப்பது. இதற்குக் குறுக்கே நிற்பது நம் அவசரம் ஒன்றுதான். காலையில் கிளம்பும் நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது, ஆகவே சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழக்குங்கள், எங்கேயும் ஓட வேண்டியதில்லை.

உடை விஷயத்தில் பின்னாலிருந்து பழக்கும் முறை எனக்கு மிகவும் கைகொடுத்தது. பட்டனைத் துளைக்குள் முக்கால் பாகம் நீங்களே நுழைத்துவிட்டு, வெளியே இழுக்கும் கடைசி வேலையை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது கைவந்ததும் பாதி நுழைத்து விடுங்கள், அப்புறம் முனையை மட்டும். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது குழந்தையாக இருக்கும், அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! முன்பக்கமாக ஆரம்பித்தால் பாதியிலேயே அழுகைதான். போட்டிருக்கும் சட்டையில் பட்டன் போடுவதைவிட மடியில் விரித்து வைத்த சட்டையில் போடுவது எளிது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பட்டனும் கொக்கியும் லேஸும் பொருத்திய மரச்சட்டங்களைப் பயன்படுத்தினார், உடுத்துகிற வேலையை உடம்பிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்துப் பழக்குவதற்குத்தான். பழைய பெரிய சட்டை ஒன்றை அட்டையில் மாட்டினால் அதுவே போதும். ஷூ லேஸ் கட்டுவது ஐந்து, ஆறு வயதுக் காரியம், அதற்கு முன்னால் கவலைப்படாதீர்கள்.

கத்தரிக்கோல்

பலர் பயந்து ஐந்து வயது வரை தள்ளிப் போடுகிறார்கள். முனை மழுங்கிய குழந்தைக் கத்தரிக்கோலை இரண்டரை மூன்று வயதில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொடுக்கலாம். முதல் வேலை கோட்டின் மேல் வெட்டுவது கிடையாது. மாவுப் பாம்பைத் துண்டு துண்டாக நறுக்குவது, பிறகு இரண்டு செ.மீ அகலத்துக்கு வெட்டிய கெட்டித் தாள் பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்குவது. மெல்லிய தாள் வளைந்து மாட்டிக்கொள்ளும், அது பிறகு. நேர்க்கோடு நான்கு வயதை ஒட்டி வரும், வட்டம் அதற்கும் பிறகு, ஏனென்றால் வட்டம் வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கையைவிடத் தாளைத் திருப்புகிற கைக்குத்தான் வேலை அதிகம். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு கைகளின் கட்டைவிரலும் மேலே பார்த்திருக்க வேண்டும். கட்டைவிரல் கீழே திரும்பினால், அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு "இதைப் பார்த்துக்கொண்டே வெட்டு" என்று சொல்லிப் பாருங்கள். இடக்கைப் பழக்கம் உள்ள குழந்தைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள், சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டுகிற கோடு அதன் கண்ணுக்கு மறைந்துபோகும்.

இப்போது கிரேயான்

சரி, இவ்வளவுக்கும் பிறகு எழுதுகோல். நீளமான பென்சிலைவிட இரண்டு மூன்று செ.மீ நீளத்துக்கு உடைந்த கிரேயான் துண்டுதான் சிறந்தது. அதை முஷ்டியால் பிடிக்கவே இடம் இருக்காது, விரல் நுனிகள் தாமாக வந்து பிடிக்கும். ஒன்றரை வயதில் முஷ்டிப் பிடி, இரண்டு மூன்று வயதில் விரல்கள் எல்லாம் கீழ்நோக்கிய பிடி, நான்கு வயதை ஒட்டி மூன்று அல்லது நான்கு விரல் பிடி என்று அது மாறிக்கொண்டே போகும். நான்கு விரலால் பிடிப்பதும் நல்ல பிடிதான், வலியில்லாமல் எழுத முடிகிறது என்றால் மாற்ற வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையின் விரலைப் பிடித்துப் பிடித்துத் திருத்துவதால் கிரேயானின் மேல் வெறுப்புதான் வரும், இதை நான் கண்ணால் பார்த்தவள்.

உட்காரும்போது பாதம் தொங்கக் கூடாது, காலுக்குக் கீழே ஒரு மணை போடுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். எழுதாத கை சும்மா இருக்காமல் தாளைப் பிடிக்க வேண்டும்.

எந்தக் கை என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். இரண்டு மூன்று வயதில் மாறி மாறிப் பயன்படுத்துவது இயல்புதான். பொருளைக் குழந்தையின் உடம்புக்கு நடுவில் நீட்டுங்கள், எந்தக் கை வருகிறதோ வரட்டும். இடக்கை என்று தெரிந்தால் மாற்ற முயலவே வேண்டாம். தாளின் மேல்பக்கத்தை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்துக் கொடுங்கள், அது எழுதுகிற கைக்கு வழி விடும்.

எவ்வளவு நேரம்?

இரண்டு வயதில் ஐந்து நிமிடம் ஒரே வேலையில் இருந்தாலே போதும். முகம் சுருங்கினால் நிறுத்திவிடுங்கள், நாளைக்கும் அந்த ஸ்பாஞ்ச் இருக்கும். செல்போனில் எழுத்தின் மேல் விரலால் வரைகிற செயலிகளை இதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள், கண்ணாடியில் தேய்க்கும்போது விரலுக்கு எந்த எதிர்ப்பும் கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

நான்கு மாதத்துக்குப் பிறகும் கை முஷ்டியாகவே இறுகி இருந்தால், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினால், ஒரு வயது தாண்டியும் விரல் நுனியால் கிள்ளி எடுக்கவில்லை என்றால், கை விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், நான்கு வயதிலும் கிரேயானை முஷ்டியால்தான் பிடிக்கிறது என்றால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் வரும்" என்று யாராவது சொல்வார்கள், கேட்டுக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

போகும்போது குழந்தை சாப்பிடுவதையும், டப்பா திறப்பதையும், வரைவதையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தைகள் எதுவும் செய்து காட்டமாட்டார்கள். கண் பார்வையையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், சரியாகத் தெரியாத குழந்தையின் கையும் தடுமாறத்தான் செய்யும். தெரபிஸ்டைப் பார்க்க நாள் தள்ளிக் கிடைத்தால், அதுவரை வீட்டில் செய்ய மூன்று வேலைகளைச் சொல்லுங்கள் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கி, அதையும் அந்த ஃபிரிட்ஜ் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.